நுண்கோள ஆராய்ச்சிக்குப் போக பி.பார்மா, கால்நடை மருத்துவமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கும் ஐயாவுக்கு,

கால்நடைகளின் நுரையீரலுக்கு ஆன்டிபயாடிக் கொண்டுசேர்க்கும் மட்கும் நுண்கோளங்களை (மருந்தை அடைத்த, உடலுக்குள் சிதைந்துபோகும் மிகச்சிறு உருண்டைகள்) பற்றித்தான் படிப்பேன் என்று மகள் நிற்கிறாள், அந்தப் பெயரில் படிப்பே காணோமே என்கிறீர்கள். பிளஸ் டூ முடித்ததும் சேர அப்படியொன்று கிடையாது. கோளத்தைச் செய்பவர்கள் பெரும்பாலும் பி.பார்ம் (மருந்தாக்கப் பட்டப்படிப்பு, 4 ஆண்டு) படித்து வருகிறார்கள். மாட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பவர்கள் கால்நடை மருத்துவம் (பயிற்சியோடு 5½ ஆண்டு) படித்தவர்கள்.

செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று மகளுக்கு முதலில் தெரியட்டும். பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் நீர்க்கரைசலை அதில் அடித்துக் கலக்கி, அந்தப் பால்மத்தைப் பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் ஊற்றி, கரைப்பான் ஆவியாகும்வரை சில மணி நேரம் சுழலவிட வேண்டும். பிறகு கழுவி, உறையவைத்து உலர்த்துவது. ஜென்டமைசின் நீரில் எளிதாகக் கரைவது. பாலிமர் இறுகுமுன் வெளிநீருக்குப் போய்விடும், மிஞ்சுவது வெறுங்கோளம். கோளத்தின் மேலே ஒட்டியிருக்கும் மருந்தோ முதல் நாளே கொட்டித் தீர்ந்துவிடும். மூச்சுவழி என்றால் 1 முதல் 5 மைக்ரான் அளவு வேண்டும், பெரியவை தொண்டையிலேயே படியும். இரத்தநாளத்தில் ஊசிவழி என்றால் கணக்கு வேறு: சுமார் 7 மைக்ரானுக்கு மேற்பட்டவை நுரையீரல் தந்துகிகளில் (மிக மெல்லிய இரத்தக்குழாய்கள்) சிக்கித் தங்கும், வேண்டியதும் அதுதான். கோளங்கள் ஒட்டிக் கட்டியானால் மட்டும் பெரிய நாளம் அடைபட்டு விலங்கின் உயிருக்கே ஆபத்து. ஆகவே அளவு சரியாக வரும்வரை அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சலித்துக்கொள்பவருக்கு இது ஒத்துவராது.

மாட்டுப் பக்கத்துச் சிக்கல் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆன்டிபயாடிக் போட்ட கறவை மாட்டின் பாலைச் சில நாள் சொசைட்டியில் ஊற்றக்கூடாது. மருந்து மெல்லக் கசிந்தால் அந்த நாட்களும் நீளலாம். கன்றின் நிமோனியாவுக்குப் பொருந்துவது கறவைக்குப் பொருந்தாமல் போக இதுவே போதும். இதையெல்லாம் எடைபோடக் கால்நடை மருத்துவம் படித்தவர் வேண்டும்.

ரேங்க் எட்டினால் கால்நடை மருத்துவம் என்பதே என் பக்கம். ஆராய்ச்சி கைகொடுக்காவிட்டாலும் மருத்துவராகப் பிழைத்துக்கொள்ளலாம். மண்ணுத்தி, பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் அரசு சார்ந்தவை. பிறகு எம்.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பில் மருந்தியல் எடுக்கலாம். பி.பார்ம் என்றால் ஜிபேட் நுழைவுத்தேர்வு எழுதி முதுநிலையான எம்.பார்மில் பார்மசூட்டிக்ஸ் (மருந்து வடிவமைப்பு).

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: கேரளத்தில் கால்நடை மருத்துவ இடத்துக்கு நீட் எழுதினால் மட்டும் போதாது, மாநில நுழைவுத்தேர்வு ஆணையருக்கு கீம் (கேரளத் தொழிற்படிப்புச் சேர்க்கை) விண்ணப்பமும் தனியாகப் போட வேண்டும். கடைசித் தேதி நீட் முடிவுக்கு முன்பே போய்விடும்.