காலடியில் ஒரு பெயர்: இடறுகற்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மதுரை வாசகர்): ஐயா, ஜெர்மனியில் படிக்கும் என் மகள், நடைபாதையில் பதிந்திருந்த சிறிய பித்தளைத் தகடு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். அது என்ன?

பதில்: ஜெர்மன் மொழியில் ஷ்டோல்பர்ஷ்டைன் என்பார்கள், தமிழில் இடறுகல் எனலாம். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அளவுள்ள கான்கிரீட் கட்டியின் மேல்முகத்தில் அந்தத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம் என்று சில வரிகளில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். ஹிட்லரின் நாஜிகளுக்குப் பலியானவர் தம் விருப்பப்படி கடைசியாகக் குடியிருந்த வீட்டின் வாசலில்தான் பொதுவாக இதைப் பதிக்கிறார்கள். கல்லைவிட அந்த முகவரியே முக்கியம் என்பேன்.

கேள்வி (திருச்சி வாசகி): இதைத் தொடங்கியவர் யார்? யூதர்களுக்கு மட்டும்தானா?

பதில்: தொடங்கியவர் 1947இல் பெர்லினில் பிறந்த கலைஞர் குண்டர் டெம்னிக். ரோமா, சிந்தி எனப்படும் ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்ப நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் ஆணையிட்டு 50 ஆண்டுகள் நிறைந்த 1992 டிசம்பர் 16 அன்று, அந்த ஆணையின் வாசகத்தைப் பொறித்த முதல் கல்லைக் கொலோன் நகர மன்றத்தின் முன் அவர் பதித்தார். ஆகவே யூதர்களுக்கு மட்டுமல்ல. ஆனால் பெரும்பாலான கற்கள் அவர்களுக்கே. 1996இல் பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் அனுமதி பெறாமலே கற்களைப் பதித்தார். 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் 1,00,000ஆவது கல் பதிக்கப்பட்டது.

கேள்வி (சென்னை வாசகர்): இத்தனை கற்களையும் இயந்திரத்தில் செய்வார்களா?

பதில்: இல்லை. சுத்தியலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பொறிக்கிறார்கள். கொலையை ஆலைத் தொழில்போல நடத்தியவர்களின் பலிகளை ஆலைச் சரக்காக நினைவுகூரக் கூடாது என்பதே காரணம். ஓர் ஆளுக்கு ஒரு கல். சிதறிப்போன குடும்பத்தின் கற்களை அருகருகே வைக்கிறார்கள், உயிர் தப்பியவருடையதையும் சேர்த்து.

கேள்வி (கோவை வாசகி): இறந்தவர் பெயரைக் காலால் மிதிப்பது பாவமில்லையா?

பதில்: உங்களுக்குத் தோன்றியதுதான் மியூனிக்கிலும் தோன்றியது. நாஜிக் கொடுமையிலிருந்து தப்பியவரும் அந்நகர யூத சமூகத்தின் தலைவருமான ஷார்லட் க்னோப்லாக் கடுமையாக எதிர்த்தார். நகர மன்றமும் 2004இல் பொது இடங்களில் இடம் தர மறுத்து, 2015இல் அதையே உறுதிப்படுத்தியது. 2018 முதல் அங்கே சுவர்த் தகடுகளும் கம்பங்களும் கண் மட்டத்தில் பெயர்களைத் தாங்குகின்றன. படிக்க வேண்டுமானால் தலை குனிந்தாக வேண்டும், அதுவே வணக்கம் என்பது டெம்னிக் தரப்பின் விடை. அது அழகான விடைதான். ஆனால் குனியாமல் நடந்துபோகிறவர்களே தெருவில் அதிகம் என்பதால், க்னோப்லாக்கின் மறுப்பை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): பித்தளை கறுத்துவிடாதா?

பதில்: கறுக்கும். அக்கம்பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும், குறிப்பாக யூதர்கள் மீது நாஜிகள் நடத்திய 1938 படுகொலையின் நினைவு நாளான நவம்பர் 9 நெருங்கும்போது, மண்டியிட்டுத் துணியால் தேய்த்து மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். 2012இல் அதே நாளை ஒட்டிய இரவில் கிரைஃப்ஸ்வால்ட் நகரின் 11 கற்களையும் யாரோ பெயர்த்துச் சென்றார்கள். பின்னர் அங்கே புதிய கற்கள் பதிக்கப்பட்டன.