கவசத்து ஃபேன் ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

கேள்வி: நாகலூரில் எங்கள் காபித் தோட்டத்தில் சொந்தமாக ஒரு வானிலை நிலையம் செய்து வைத்திருக்கிறேன். பூந்தொட்டித் தட்டுகளை அடுக்கி வெயில் கவசம், உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்எச்டி31 சென்சார், மேலே பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன், எல்லாவற்றையும் இயக்கிப் பதிவு செய்ய ஈஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. ஃபேன் எப்போதோ நின்றிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து ஏணி போட்டு ஏறியபோதுதான் பார்த்தேன். நின்றவுடனே தெரிய வழி உண்டா சார்?
– வாசகர், ஏற்காடு

பதில்: சேலத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலும் இதேதான் நடந்தது. ஃபேன் நின்றாலும் சென்சார் எண் காட்டிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் நம்பும்படியான எண்ணாக. மே மாதம் 42 டிகிரி என்றால் சேலத்தில் யார் சந்தேகப்படுவார்கள்? காற்றசைவே இல்லாத உச்சி வெயிலில் தட்டுகள் சூடேறி, உள்ளே தங்கிய காற்றும் சூடாகி, இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டுவது சகஜம். ராத்திரியிலோ பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

முதலில் ஃபேனில் எத்தனை ஒயர் என்று பாருங்கள். மூன்று என்றால் பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள். அந்த மஞ்சள்தான் சுற்றைச் சொல்லும் ஒயர். நான்கு ஒயர் ஃபேனில் பெரும்பாலும் மஞ்சளில் வருவது 12 வோல்ட், சுற்றைச் சொல்வது பச்சை! மாற்றிக் கொடுத்தால் ஈஎஸ்பி32 அந்த நிமிடமே போய்விடும், ஆகவே மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். சுற்று ஒயரை ஈஎஸ்பி32 போர்டின் ஒரு பின்னில் (இணைப்பு முனையில்) கொடுத்து, அங்கிருந்து போர்டின் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் போடுங்கள், ஃபேனின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். எனவே ஒரு விநாடிக்கு வரும் துடிப்பை 30ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடும்.

அந்த ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் நீள ஒயர் பக்கத்து வீட்டுக் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். 50ஐ 30ஆல் பெருக்கிப் பாருங்கள், 1500. நல்ல ஃபேன் ஓடுகிற வேகமேதான் அது! நின்றுபோன ஃபேன் ஜோராக ஓடுவதாகப் பதிவாகும். எனவே எல்லாம் மாட்டியபிறகு ஒரு குச்சியால் இறக்கையை நிறுத்திப் பிடித்து, திரையில் 0 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது உங்கள் விருப்பம். அதைவிட நான் வற்புறுத்திச் சொல்வது, வெப்பநிலை பதியும் ஒவ்வொரு வரியிலும் பக்கத்திலேயே சுற்று எண்ணையும் பதிந்துவிடுங்கள் என்பதுதான். மலையில் சிக்னல் இல்லாமல் எச்சரிக்கை வராமல் போகலாம், ஆனால் பதிவு இருந்தால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை உள்ள அளவைத் தள்ள வேண்டும் என்று பிறகாவது தெரியும். உங்களுடைய அந்த இரண்டு வாரத்தில் எது நல்ல அளவு, எது கெட்டது என்று இப்போது பிரிக்கவே முடியாது, அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அப்புறம், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பால் பேரிங் இல்லாமல் வெறும் புஷ் வைத்த ஃபேன் நின்றுவிடும் முன் மெல்ல மெல்ல வேகம் குறைவதும் அந்தப் பதிவில் தெரியும். மாற்றும்போது பால் பேரிங் உள்ளதாக வாங்குங்கள்.

ஒன்று, சுற்று எண் காற்றைச் சொல்லாது. சிலந்தி வலையும் சில்வர் ஓக் சருகும் அடியில் அடைத்துக்கொண்டால் ஃபேன் சுற்றும், காற்று வராது. கவசத்தில் காற்று நுழையும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டால், அது அசைகிறதா என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஃபேன் காற்றைக் கீழிருந்து உறிஞ்சி, சென்சாரைத் தாண்டி மேலே வெளியே தள்ளும்படிதானே மாட்டியிருக்கிறீர்கள்? தலைகீழாக இருந்தால் மோட்டார் சூடு சென்சார்மேல் விழும்.

கேள்வி: என் ஃபேனில் இரண்டு ஒயர்தான் இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐஎன்ஏ219 என்ற கரண்ட் அளக்கும் போர்டு வைத்து ஃபேன் இழுக்கும் கரண்ட்டை அளக்கலாம். ஆனால் இறக்கை சிக்கினால் சில ஃபேன்கள் தாமே நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும், அந்த நேரத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், பத்துப் பதினைந்து விநாடி தொடர்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பதில் மூன்று ஒயர் ஃபேன் ஒன்று வாங்கிவிடுங்கள்.