வாசகர் கேள்வி – பதில்: அட்டவணைக்குள் அடங்காத நாள்

கேள்வி: மட்டக்களப்பில் அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராகக் கடமையாற்றுகிறேன். காலையில் பத்துப் பணிகளைக் குறித்துக்கொண்டு அமர்ந்தாலும், மாலை 4.15இற்கு எழும்போது நான்கைந்துதான் முடிந்திருக்கின்றன. மிஞ்சிய கோவைகளை வீட்டுக்குக் கொண்டுவருவதால் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க முடிவதில்லை. அட்டவணையை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. என் சோம்பல்தான் காரணமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சோம்பல் அல்ல, கணிப்புப் பிழை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எண்ணும்போது, எவரும் குறுக்கிடாத, அச்சுப்பொறி பழுதாகாத ஒரு நாளையே நம் மனம் கணக்கில் எடுக்கிறது. உளவியலாளர்களான டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இந்த இயல்பை விளக்கினார்கள். 1994இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் போதும் என மதிப்பிட்ட மாணவர்களுக்கு 55 நாட்களுக்கு மேல் பிடித்தது.

ஆகவே இன்னோர் அட்டவணை வேண்டாம். ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு பணியும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் மட்டும் கொப்பியில் எழுதி வாருங்கள். 20 நிமிடம் என்று நீங்கள் நினைத்திருந்த ஓய்வூதியக் கடிதம், இடையில் விசாரிக்க வந்தவர், ஒரு தொலைபேசி அழைப்பு, தேடியெடுக்க வேண்டியிருந்த பழைய கோவை எல்லாம் சேர்ந்து 50 நிமிடத்தை எடுத்திருக்கும். அடுத்த வாரம் அதற்கு 50 என்றே குறியுங்கள். பத்துப் பணிகள் ஒரு நாளுக்குள் அடங்கா என்பது காலையிலேயே தெரிந்துவிடுமாதலால், எதைப் பிற்போடலாம் என்று மேலதிகாரியிடம் அப்போதே கேட்டுவிடலாம். பொதுமக்கள் தினத்தில் பட்டியலைப் பாதியாக்குங்கள்; கூட்ட அறிக்கை எழுதுவது போன்ற பணிகளுக்கு அன்று இடமில்லை.

பாதியில் விட்ட பணியிலேயே மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுவதை ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் எடுத்துக்காட்டினார். எனவே இடையில் அழைப்பு வந்தால், அடுத்துச் செய்ய வேண்டியதை ஒரு துண்டில் ஒரு வரி எழுதிக் கோவையில் செருகிவிட்டு எழுந்திருங்கள்.

அரச கோவைகளை வீட்டுக்குக் கொண்டுசெல்வது முறையா என்பது தனிக் கேள்வி. உங்கள் கடிதத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எவரையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் கவனித்தேன். பிள்ளைகளின் படிப்பைக் கவனிப்பது உங்கள் ஒருவரின் கொப்பியில் மட்டும் இருக்க வேண்டிய பணியன்று.

கேள்வி: 25 நிமிட முறை விடைத்தாள் திருத்துவதற்கு உதவுமா?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: உதவும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில், தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து இம்முறையைத் தொடங்கினார்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில் வட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள். கட்டுரை வினாவாயின், மணி அடித்தாலும் கையிலுள்ள தாளை முடித்த பின்னரே எழுந்திருங்கள். இல்லையேல் ஒரே மாணவருக்கு இரண்டு அளவுகோல்களில் புள்ளியிட நேரும்.