பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்: பழைய ஷுட்ஸன் ரைஃபிள்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டுச் சுடும், ஷுட்ஸன் என்ற குறிபார்ப்புப் போட்டிக்கான அமெரிக்க ரைஃபிள்கள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் தவறினால் பிறகு திருத்திக்கொள்ள வழியில்லை.

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பல்லார்டு ரைஃபிள் வாங்கினேன் சார். பேரலில் எச்.எம். போப் என்று பொறித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் குண்டு வார்க்கும் அச்சு, கைப்பிடி வைத்த ஒரு தண்டு, துளை போட்ட சின்ன இரும்புத் துண்டு எல்லாம் இருந்தன. அதற்குத் தனியாக 50 டாலர் கேட்டதால் விட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. இன்றே போன் செய்து அந்தப் பெட்டியைக் கேளுங்கள். நீங்கள் வாங்கியது பாதி ரைஃபிள். மீதிப் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஹாரி போப் முழுத் துப்பாக்கி செய்து விற்றவர் இல்லை. வாடிக்கையாளர் பல்லார்டோ வின்செஸ்டரோ கொண்டுவந்தால், அதற்குப் பேரல் செய்து பொருத்துவார். பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் எட்டுப் புரி, இடப்பக்கம் சுழல்வது, பின்புறம் மெதுவாகத் தொடங்கி வாய்ப்பக்கம் போகப்போக இறுகும். அந்தப் பேரலுக்கென்றே குண்டு அச்சும் செய்வார். சுடும் முறையும் வேறு. மருந்து நிரப்பிய தோட்டாக்கூடு பின்பக்கம் போகும், ஈயக்குண்டு மட்டும் வாய்ப்பக்கமாக இறங்கும். குண்டின் அடிவிளிம்பு கொஞ்சம்கூட நசுங்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காக இந்தப் பாடு.

குண்டைத் திணிக்கும்போது பேரலின் வாய் தேயக்கூடாதல்லவா? அதற்குத்தான் அந்தச் சின்ன இரும்புத் துண்டு. ஃபால்ஸ் மஸில் என்பார்கள். நான் பொய்வாய் என்று சொல்வது வழக்கம். பேரலின் நுனியிலிருந்து ஓரிரு அங்குலத்தை வெட்டி, ஊசிகள் வைத்து மறுபடி அதே இடத்தில் பொருத்திவிட்டு, அப்புறம்தான் இரண்டிலும் சேர்த்துப் புரி போடுவார்கள். அதனால் அந்தத் துண்டு அந்த ஒரே பேரலுக்கு மட்டும்தான் பொருந்தும். இதற்கு 1840இல் காப்புரிமை வாங்கியவர் ஆல்வன் கிளார்க். பின்னாளில் பெரிய தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தேய்த்துப் பெயர் வாங்கியவரும் அவரே. அந்தக் கையின் பொறுமை இரண்டு வேலைகளிலும் தெரிகிறது.

பெட்டி கைக்கு வந்ததும் இப்படிப் பாருங்கள். ரைஃபிள் காலி என்பதை உறுதி செய்து, தோட்டா போடும் பின்வாயை, அதாவது பிரீச்சைத் திறந்து வையுங்கள். பொய்வாயை அதன் ஊசிகளில் அழுத்துங்கள். அதே பேரலுக்கு உரியதென்றால் ஆட்டமில்லாமல் உட்காரும். பிறகு பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். புரிக்கோடுகள் இணைப்பைத் தாண்டியும் படியில்லாமல் ஓட வேண்டும். கோடு அங்கே ஒரு மயிரிழை விலகினாலும் அது வேறொரு பேரலின் பொய்வாய். பல பொய்வாய்களின் மேல் ஒரு தட்டு துருத்திக்கொண்டிருக்கும். அதை யாராவது உடைந்த மிச்சம் என்று நினைத்து அராவிவிடப் போகிறார்கள்! சுடும்முன் பொய்வாயைக் கழற்ற மறந்தால் குறி தெரியாமல் மறைப்பதற்காக வைத்தது அது.

கேள்வி: என்னிடம் ஸ்டீவன்ஸ்-போப் என்று பொறித்த பேரல் இருக்கிறது. இதுவும் போப் கையால் செய்ததுதானா?

பதில்: பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போப் மாசசூசெட்ஸின் சிக்கோப்பி ஃபால்ஸில் ஸ்டீவன்ஸ் கம்பெனியோடு இருந்தது 1901 முதல் 1905 வரை. அவர் போனபிறகும் கம்பெனி அதே பெயரில் பேரல்களை விற்றது. அவையும் நல்ல பேரல்கள்தான், ஆனால் போப் விலை கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஹார்ட்ஃபோர்டில் அவர் தனியாகச் செய்தவற்றில் அவர் பெயர் மட்டும் இருக்கும். அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்டார். 1906 ஏப்ரல் நிலநடுக்கத்தில் எல்லாம் போயிற்று. கடைசியில் ஜெர்சி சிட்டியின் மோரிஸ் தெருவில் நிலைத்தார், 1950இல் இறந்தார்.

போப் பெயர் இல்லையே என்று டென்வரின் ஷோயன், சிரக்யூஸின் ஸிஷாங் ஆகியோரின் பேரல்களைக் கைவிடாதீர்கள். என்னைக் கேட்டால் ஷோயன் வேலை போப்புக்குச் சளைத்ததில்லை.

கேள்வி: பின்தகட்டில் இவ்வளவு நீளக் கொம்புகள் எதற்கு? தோளில் வைத்தால் குத்துகிறது.

பதில்: தோள்குழியில் வைக்காதீர்கள், அந்த வளைவு மேற்கையைக் கவ்விப் பிடிப்பதற்கு. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷுட்ஸன் போட்டியில் 200 கஜத்தில், எதிலும் சாயாமல், நின்றபடி சுட வேண்டும். ரைஃபிளின் கனம், கீழே தொங்கும் உள்ளங்கைத் தாங்கி, தொட்டதும் விடும் இரட்டை விசை எல்லாம் அந்த நிலைக்காகவே. ஜெர்மன் வளையப் பலகையில் 25 மதிப்புள்ள நடுவட்டத்தின் குறுக்களவு ஒன்றரை அங்குலம்தான். நாள் முழுக்க ஒரே தோட்டாக்கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுவார்கள், கூடு மாறினால் குறி மாறும் என்று. கொலராடோவின் ரோலண்டு 1901இல், நின்று சுடாமல் ரைஃபிளைத் தாங்குமேடையில் வைத்து, போப் பேரலால் 200 கஜத்தில் பத்துக் குண்டுகளை முக்கால் அங்குலத்துக்குள் அடக்கினார். வார்த்த ஈயக்குண்டு! அந்தக் கணக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

முதல் உலகப்போரில் ஜெர்மன் என்ற சொல்லே ஆகாததாகிவிட, சங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடின. ரைஃபிள்கள் பரணுக்குப் போயின. பெட்டிகள் தனியாகப் பிரிந்ததும் அங்கேதான்.

கேள்வி: மங்கிப்போன இரும்புச் சட்டத்தை (ரிசீவர்) பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். எலும்புக்கரியில் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து வந்த மேகநிறம் அது, போனால் திரும்பாது. பட்டறைச் சக்கரம் செய்தவர் பெயரையும் தின்றுவிடும். எண்ணெய்த் துணி போதும்.

கேள்வி: ஸ்டீவன்ஸ் 44 ஒன்று கிடைத்தது, பேரல் .32-40. கடையில் கிடைக்கும் தோட்டா போட்டுச் சுடலாமா?

பதில்: பேரலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் பொறியைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். 44 பலவீனமான ஆக்‌ஷன், 44½ தான் உறுதியானது. அந்த அரை எண்ணைக் கவனிக்காமல் விடாதீர்கள். .32-40 என்பதே 40 கிரெய்ன் கருமருந்தை வைத்து வந்த பெயர். பழைய ஆக்‌ஷன் தெரிந்த கன்ஸ்மித் பார்த்துச் சொல்லும்வரை எதையும் போடாதீர்கள். செம்பு உறை போட்ட குண்டு அந்தக் கால மென்மையான எஃகைத் தேய்த்துவிடும், அதனால் எப்போதும் வார்த்த ஈயம்தான்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். ஊர் திரும்பும்போது என் பல்லார்டைச் சென்னைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள், ரிசீவர் செய்த வருடமே கணக்கு. அதனால் பழைய பல்லார்டு எல்லாம் அதில் அடங்கும், மாநில விதி வேறாக இருக்கலாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு. உங்களுடையது சுடும் நிலையில் இருக்கிறது. அங்கே அது ஆயுதம்தான், உரிமம் வேண்டும், சுங்கமும் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஆயுதச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். அது முடியாவிட்டால் டெக்சாஸிலேயே ஒரு சேகரிப்பாளரிடம் விற்றுவிடுங்கள், பெட்டியோடு சேர்த்து.