கார்டு உங்கள் கைக்கு வருவதற்கு முன்: கேள்வி பதில்

வங்கிக் கார்டுகளில் விவரங்களை ஏற்றி, உறையிலிட்டு அனுப்பும் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய நம் உறுப்பினர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி: என் கணக்கு உள்ளூர்க் கிளையில் இருக்கிறது. கார்டோ வேறு மாநிலத்தில் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து வருகிறது. என் விவரங்களை வங்கி வெளியாரிடம் கொடுக்கலாமா?

கொடுக்காமல் கார்டு செய்ய முடியாது, அம்மா. எதைக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் கார்டைத் தாங்களே செய்வதில்லை. சிப்பை இன்ஃபினியான், என்எக்ஸ்பி போன்றவர்கள் செய்கிறார்கள். அதைப் பிளாஸ்டிக்கில் பொருத்துவதும், உங்கள் பெயரையும் எண்ணையும் ஏற்றுவதும் தாலெஸ், ஐடெமியா போன்ற நிறுவனங்களின் வேலை. நம் நாட்டு நிறுவனங்களும் இதில் உண்டு. ரூபே கார்டு என்றால் அதை நடத்தும் என்பிசிஐ (இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம்), மற்றபடி விசா அல்லது மாஸ்டர்கார்டு, இவர்களின் விதிப்படிதான் எல்லாம் நடக்க வேண்டும்.

கார்டு செய்யும் ஆலைக்குப் போவது பெயர், கார்டு எண், காலாவதித் தேதி, முகவரி, சிப்பில் எழுத வேண்டிய தரவு போன்ற, கார்டு செய்து அனுப்பத் தேவையானவை மட்டுமே. அவையும் மறையாக்கம் செய்த, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றிய கோப்பாகத்தான் போகும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இத்தனை நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலையில், ஒவ்வொருவருக்கும் தேவையானது மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி.

பொறியியல் மாணவர், திருச்சி: இயந்திரத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

வெற்றுக் கார்டுகளைப் பெட்டகத்திலிருந்து ஒருவர் தனியாக எடுக்க முடியாது. இருவர் சேர்ந்து எண்ணி, கையெழுத்திட்டு எடுத்து வருவார்கள். இயந்திரத்தில் முதலில் கார்டின் பின்புறமுள்ள காந்தப்பட்டை எழுதப்படும், அடுத்து சிப். சிப்பில் எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். அதனால் பல சிப் நிலையங்களை வரிசையாக வைத்து ஒரே சமயத்தில் எழுதுவார்கள். பிறகு பெயரும் எண்ணும் அச்சாகும், அல்லது புடைப்பெழுத்தாக ஏறும்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். காந்தப்பட்டையில் இருக்கும் சரிபார்ப்பு எண் வேறு, சிப்பில் இருப்பது வேறு, பின்புறம் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்கம் வேறு. ஒன்றைத் திருடியவனுக்கு மற்ற இரண்டும் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம்தான். கார்டைக் கடிதத்தில் ஒட்டும் இடத்தில், இரண்டும் ஒரே ஆளுக்குரியவையா என்று இயந்திரம் படித்துப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். ஒரு கடிதம் நழுவினால் போதும், அதற்குப் பின்னால் வரும் கார்டுகள் எல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும். பழுதான கார்டுகளையும் சாட்சி வைத்துத்தான் துண்டாக்க வேண்டும். வந்தவை, நல்லவை, பழுதானவை என்ற கணக்கு ஒரு கார்டு குறையாமல் நேராகும் வரை அந்தத் தொகுதியை முடித்ததாகக் கொள்ள மாட்டார்கள்.

கூட்டுறவு வங்கி அலுவலர், சேலம்: முதன்முறையாக ரூபே டெபிட் கார்டு வழங்க இருக்கிறோம். தாமதம் எங்கே வரும்?

இயந்திரத்தில் வராது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில்தான் வரும். சிறிய வங்கி என்பதால், பெரிய வங்கி ஒன்றின் ஆதரவில் என்பிசிஐயில் துணை உறுப்பினராகச் சேர்வீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் வங்கி, ஆதரவு வங்கி, மென்பொருள் நிறுவனம், கார்டு ஆலை, என்பிசிஐ என்று ஐந்து தரப்பு ஆகிறது. கார்டின் வடிவமைப்புக்கு ஒப்புதல் வேண்டும், சிப்பின் அமைப்புக்குச் சான்று வேண்டும். ஒப்புதல் கைக்கு வரும் முன் ஒரு கார்டுகூட அச்சிட வேண்டாம்.

இரகசியச் சாவிப் பரிமாற்றத்துக்கு இப்போதே ஆட்களை நியமித்துவிடுங்கள். சாவி என்பது இங்கே தரவை மறையாக்கவும் திறக்கவும் பயன்படும் நீண்ட எண். சாவியைப் பல பாகங்களாகப் பிரித்து, வெவ்வேறு பொறுப்பாளர்கள் வழியாக அனுப்பி, ஆலையின் பாதுகாப்பு அறையில் ஒவ்வொருவரும் தம் பாகத்தைத் தாமே உள்ளிட வேண்டும். முழுச் சாவியை அறிந்தவர் எங்குமே இருக்கக் கூடாது. பொறுப்பாளர் விடுப்பில் போய்விட்டார் என்பதற்காக மொத்த வேலையும் நிற்பது இந்தத் துறையில் சாதாரணம். மாற்று ஆளின் பெயரையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கையிருப்பைப் பற்றியும் யோசியுங்கள். 2021-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது கார்டுத் துறையும் திண்டாடியது. அதே ஆண்டு ஜூலையில், பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே சேமிக்கும் விதியைப் பின்பற்றவில்லை என்று மாஸ்டர்கார்டு புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2022 ஜூனில்தான் தடை நீங்கியது. அந்த ஒன்றை மட்டுமே நம்பியிருந்த வங்கிகள் வேறு வலைப்பின்னலுக்கு (விசா, ரூபே போன்ற கார்டு அமைப்புக்கு) மாற அவசரமாக ஓடின. ஆகவே ஆலையோடு போடும் ஒப்பந்தத்தில் வெற்றுக் கார்டு இருப்பு எவ்வளவு, அது வீணானால் செலவு யாருடையது என்பதை எழுதிவிடுங்கள். ‘இத்தனை நாளில் முடிப்போம்’ என்று அவர்கள் சொன்னால், கோப்பு வந்த நேரத்திலிருந்து அஞ்சலில் சேர்க்கும் நேரம் வரையா என்று கேளுங்கள்.

இல்லத்தரசி, மதுரை: ரகசிய எண் (பின் நம்பர்) ஏன் கார்டோடு வருவதில்லை?

உறை களவுபோனால் இரண்டும் ஒன்றாகப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். முன்பு அதற்கென்று தனிக் கடிதம் வேறு நாளில் வந்தது. இப்போது பல வங்கிகளில் ஏடிஎம்மிலோ செயலியிலோ நீங்களே அமைத்துக்கொள்ளலாம். இதுவே மேல்.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: என் பெயரைப் பாதியில் வெட்டிவிட்டார்கள்.

காந்தப்பட்டையில் பெயருக்கு 26 எழுத்து இடம்தான். அச்சில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். தந்தை பெயரை விரித்து எழுதும் படிவங்களில் நம் பெயர்கள் அதைத் தாண்டிவிடுகின்றன. படிவத்தில் ‘கார்டில் வரவேண்டிய பெயர்’ என்று தனிக் கட்டம் இருந்தால், முதலெழுத்தோடு சுருக்கி நீங்களே நிரப்புங்கள். கணினி வெட்டும் இடம் உங்களுக்குப் பிடிக்காது.

பார்வைக் குறைபாடு உடைய வாசகர், சென்னை: என் பையில் மூன்று கார்டுகள். தடவிப் பார்த்து அறிய வழி உண்டா?

மாஸ்டர்கார்டு 2021-இல் ஒரு முறையை அறிவித்தது. கார்டின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். கிரெடிட் கார்டுக்கு வட்டம், டெபிட்டுக்கு அகலமான சதுரம், முன்பணக் (ப்ரீபெய்டு) கார்டுக்கு முக்கோணம். உங்கள் வங்கியில் இது கிடைக்குமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். புடைப்பெழுத்துகள் மறைந்து கார்டுகள் வழவழப்பாகிவரும் காலத்தில், எல்லா வலைப்பின்னல்களும் கூடிப் பேசி இதற்கு ஒரே முறையை வகுப்பது கட்டாயம். வடிவமைப்பு ஒப்புதல் தரும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடை உரிமையாளர், நாகர்கோவில்: கார்டு இருமுறை திரும்பிப் போய்விட்டது. மறுபடி அதையே அனுப்புவார்களா?

வங்கிக்கு வங்கி வேறுபடும். சில வங்கிகள் திரும்பி வந்த கார்டைச் சில காலம் வைத்திருந்து பிறகு அழித்துவிடும். சில வங்கிகள் கிளைக்கு அனுப்பும். கிளையில் முகவரியைத் திருத்தி, பின்கோடையும் கைபேசி எண்ணையும் சரிபாருங்கள். திருத்தம் பதிவான பிறகே புதிய கார்டுக்கு விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் பழைய முகவரியே மீண்டும் கோப்பில் ஏறிவிடும்.