பழைய நைட்ரோ பக்கியை எலக்ட்ரிக்காக மாற்றுவது நல்லதா, கம்பெனியே செய்து விற்கும் எலக்ட்ரிக் பக்கியை வாங்குவது நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் 1/8 அளவு நைட்ரோ பக்கி, அதாவது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவில், நைட்ரோ எரிபொருள் எஞ்சினில் ஓடும் ரிமோட் கார் ஒன்று சும்மா கிடக்கிறது, எரிபொருள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, செலவு குறையும் என்று மாற்ற நினைக்கிறார். செலவு குறையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 4எஸ் லிப்போ (நான்கு செல் லித்தியம் பேட்டரி), நல்ல சார்ஜர், மோட்டார் மவுன்ட், பேட்டரி ட்ரே என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள், பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டுகிற மாதிரி வரும் ஒரு புது வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால் காசுக்காக மாற்றாதீர்கள். கையில் இருக்கும் வண்டி நல்ல வண்டியா, அதற்கு இன்னும் ஸ்பேர் கிடைக்கிறதா, ராத்திரி உட்கார்ந்து ஷிம் (கியர் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) போட்டுக்கொண்டிருப்பது உங்களுக்குப் பிடிக்குமா, இதை வைத்து முடிவெடுங்கள்.

கொஞ்சம் பழைய கதை. 1/8 எலக்ட்ரிக் பக்கி என்பதையே ஆரம்பத்தில் இப்படி மாற்றிக்கொண்டிருந்தவர்கள்தான் ஒரு பிரிவாக வளர்த்தார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போவும் நம்பும்படியான நிலைக்கு வந்ததும் ஆளாளுக்கு நைட்ரோ எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரை மாட்ட ஆரம்பித்தார்கள். டெக்னோ ஆர்சி என்ற அமெரிக்க நிறுவனம் முதலில் இந்த மாற்று கிட்களைத்தான் விற்றுக்கொண்டிருந்தது, 2012 வாக்கில்தான் சொந்தமாக வண்டிகளையே செய்ய வந்தது. லோசி 8ஐட்-ஈ, கியோஷோ இன்ஃபெர்னோ விஈ மாதிரி பெரிய கம்பெனிகளின் முதல் எலக்ட்ரிக் வண்டிகளும் அவர்களுடைய நைட்ரோ வண்டியை அடிப்படையாக வைத்துச் செய்தவைதான். கம்பெனியே செய்த கன்வர்ஷன் என்று சொன்னால் தப்பில்லை.

அப்புறம் ஏன் இன்றைய கம்பெனி வண்டி நன்றாக ஓடுகிறது? முக்கியமான காரணம் சேஸி, அதாவது எல்லாவற்றையும் பூட்டும் அடித்தட்டு. நைட்ரோ சேஸியில் எஞ்சினுக்கு ஓர் இடம், 125 சிசி டேங்குக்கு ஓர் இடம், த்ராட்டில் சர்வோவுக்கு ஓர் இடம் என்று எல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கும். அங்கே அரை கிலோ வாக்கில் எடையுள்ள பேட்டரியை எங்கே வைத்தாலும் அது ஒண்டுக்குடித்தனம்தான். எலக்ட்ரிக்குக்கென்றே வெட்டிய சேஸியில் பேட்டரி நடுக்கோட்டை ஒட்டித் தாழ்வாக உட்காரும். குதித்து இறங்கும்போதும் திருப்பத்திலும் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நைட்ரோ சேஸியில் ஃப்ளைவீலுக்காக (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) அடியில் ஒரு நீளத் துளை வெட்டியிருக்கும். எஞ்சின் இருந்தவரை அதில் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது அது மண்ணும் கல்லும் நேராக உள்ளே வருகிற வாசல். பட்டாணி அளவுக்கு ஒரு கல் பினியனுக்கும் (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியருக்கும் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) நடுவில் சிக்கினால் பல் போய்விடும். பழைய பாடி ஷெல்லிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்பக்கமாக ஒட்டி அந்தத் துளையை அடைத்துவிடுங்கள். வேலை சின்னதுதான், ஆனால் அதைச் செய்யாமல் வண்டியைத் தரையில் இறக்காதீர்கள்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். 3.5 சிசி எஞ்சின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். 2000 கேவி மோட்டாரை (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2000 சுற்று) 4எஸ்ஸில், அதாவது 14.8 வோல்ட்டில் ஓட்டினால் கணக்குப்படி 29,600 வருகிறது. அதனால்தான் 1900 முதல் 2200 கேவி வரை என்று எல்லோரும் சொல்கிறார்கள், பழைய கியர் விகிதமும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடுகிறது. அதே மோட்டாருக்கு 6எஸ் போட்டால் 44,000-ஐத் தாண்டும், வீடியோவுக்கு அழகாக இருக்கும், டயர் பலூன் மாதிரி ஊதும், டிஃப் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல்) கதறும்.

நைட்ரோவில் கிளட்ச் வழுக்கித்தான் பிடிக்கும். எலக்ட்ரிக்கில் அந்த இடைவெளியே கிடையாது, நீங்கள் ட்ரிக்கரை இழுத்த நொடியில் முழு முறுக்கும் நேராக, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபில் விழும். அதனால் முன்பு சென்டரில் 5000 ஆயில் (எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி) போட்டிருந்தால் 7000 அல்லது 10,000-க்குப் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் பவர் முழுக்க முன் சக்கரங்களுக்கு ஓடி அவை காற்றில் சும்மா சுற்றும். ஸ்பர் கியர் பெரும்பாலும் ஸ்டீல்தான், கவலை வேண்டாம். டிஸ்க் பிரேக், அதன் லிங்கேஜ் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம், பிரேக்கை ஈஎஸ்சி பார்த்துக்கொள்ளும்.

கம்பெனி வண்டியிலும் குறை உண்டு. விலை குறைந்த ரெடி-டு-ரன் வண்டியை வாங்கினால் முதல் நாளே டிஃபைத் திறந்து பாருங்கள், ஷிம் சரியாக இருக்காது, ஆயில் பேருக்கு இருக்கும், உலோகத்தோடு உலோகம் சேரும் ஸ்க்ரூக்களில் த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) இருக்காது. ஆர்மா டைஃபான் 6எஸ் மாதிரி அடி தாங்கும் வண்டிகள் பாஷிங்குக்கு (முரட்டுத்தனமாக ஓட்டி விளையாட) ஜோர், ஆனால் ரேஸ் கிட்டோடு (நாமே கோக்கும் பந்தய வண்டி) அவற்றை ஒப்பிடக் கூடாது. அதே சமயம், பழைய நல்ல நைட்ரோ ரேஸ் வண்டி ஒன்றின் ஷாக், டிஃப், ஆர்ம்கள் எல்லாம் இந்த ரெடி-டு-ரன் வண்டிகளைவிடத் தரமாக இருக்கும். மாற்றுவதற்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய ஒரே உறுதியான காரணம் அதுதான்.

அப்படி மாற்றுவதென்றால் ஊர்பேர் தெரியாத மவுன்ட் வாங்குவதற்கு முன்னால் உங்கள் வண்டிக்கு எலக்ட்ரிக் உடன்பிறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே எக்ஸ்பி8-க்கு எக்ஸ்பி8ஈ, முகன் எம்பிஎக்ஸ்8-க்கு எக்கோ என்று பல கம்பெனிகள் ஜோடியாகவே செய்கின்றன. டிஃப், ஆர்ம், ஷாக் பலவும் பொது. அந்த எலக்ட்ரிக் வண்டியின் சேஸி தட்டு, சைடு கார்டு, மோட்டார் மவுன்ட், பேட்டரி ட்ரே இவற்றை ஸ்பேராக வாங்கிக் கோத்துவிட்டால் அது கிட்டத்தட்ட கம்பெனி வண்டியே. சென்டர் ஷாஃப்ட்டின் நீளம் மட்டும் மாறும், அதையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள்.

உங்கள் மாடலுக்கு அப்படி ஜோடி இல்லை, ஸ்பேரும் கிடைப்பதில்லை என்றால் இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், எஞ்சினோடு விற்றுவிட்டு எலக்ட்ரிக் கிட் ஒன்றை வாங்குங்கள்.

எதை ஓட்டினாலும் முதல் தடவை சின்ன பினியனில் ஆரம்பியுங்கள். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு விட்டு மெஷ் (பற்களுக்கு நடுவிலான இடைவெளி) வையுங்கள், கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் போதும். ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு மோட்டாரின் சூட்டைப் பாருங்கள், 80 டிகிரிக்கு மேல் போனால் பினியனில் ஒரு பல் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.