வாசகர் கேள்வி – பதில்: கைப்பற்றிய தலைநகரும் காலியான களஞ்சியமும்

கேள்வி: ஐயா, காலனித்துவக் காலத்துப் போர்களை அடிப்படையாகக் கொண்ட, முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டொன்றை மடிக்கணினியில் ஆடி வருகிறேன். கணினியோடு மோதினால் மிகக் கடினமான நிலையிலும் வென்றுவிடுகிறேன். என் மச்சான் மலைநாட்டு அரசனின் பக்கத்தில் அமர்ந்தால் மட்டும் தொடர்ந்து தோற்கிறேன். அதிலும் ஒவ்வொரு தடவையும் தலைநகரைப் பிடித்த பின்னரே தோற்கிறேன். எங்கே பிழை விடுகிறேன்? (வாசகர், ஹட்டன்)

பதில்: தலைநகரைப் பிடித்ததில்தான். நகரத்துக்குப் புள்ளி உண்டு என்பதால் கணினி பெரும்பாலும் அதைக் காக்கவே படையைக் குவிக்கும். நீங்களும் பெரும்படையைக் கொண்டுபோய் ஒரே மோதலில் முடித்துவிடுவீர்கள். உங்கள் மச்சானோ கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறார். இந்த ஆட்டத்தை நம் மலைகளிலேயே ஒருவர் ஆடிக் காட்டியிருக்கிறார் என்பதை அவர் அறிந்திருக்கக்கூடும்.

1803 ஜனவரி 31 அன்று கண்டி அரசைப் பிடிக்க, பிரித்தானியப் படையோடு ஜெனரல் மெக்டொவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். இன்னொரு படை கர்னல் பார்பட்டின் கீழ் திருகோணமலையிலிருந்து வந்தது. பெப்ரவரியில் இரண்டும் கண்டியை அடைந்தபோது ஊரில் ஆளில்லை. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் ஹங்குரங்கெத்த பக்கமாகப் பின்வாங்கியிருந்தான். பிரித்தானியர் முத்துசாமி என்பவரை அரசராக அமர்த்தினர். அவரைத் தேடி மக்கள் யாரும் வரவில்லை. அதன் பிறகு போரை நடத்தியது காய்ச்சலும் பசியும்தான். ஏப்ரலில் மெக்டொவல் கொழும்புக்குத் திரும்ப, பார்பட்டும் நோயில் இறந்துபோக, எஞ்சிய காவற்படை மேஜர் டேவியின் கையில் விழுந்தது. ஜூன் 24 அன்று கண்டியர் தாக்கினர். டேவி சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். பெருகி ஓடிய மகாவலியைக் கடக்க வழியின்றி வட்டப்புளுவையில் நின்றுபோன அந்தப் படை அங்கேயே அழிக்கப்பட்டது. நகரத்தைப் பிடித்த நாளில் பிரித்தானியரின் புள்ளிக் கணக்கைப் பார்த்திருந்தால் அவர்களே வென்றவர்கள் என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே, அடுத்த ஆட்டத்தில் எதிரியின் படைகளை எண்ணுவதற்கு முன் உங்கள் உணவு எத்தனை முறைக்குத் தாங்கும் என்பதை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் பாதி கழிந்ததும், முன்னால் எவ்வளவு கவர்ச்சியான நகரம் இருந்தாலும், திரும்பிவர வேண்டிய வழியைப் பாருங்கள். உங்கள் விளையாட்டில் பருவகாலம் உண்டென்றால், மழை தொடங்கும் முறைக்குள் ஆற்றைக் கடந்து திரும்பியிருக்க வேண்டும். படையில் ஒரு பகுதியை வந்த பாதையின் கணவாய்களிலும் துறைகளிலும் விட்டுச் செல்வது வீண் போலத் தோன்றும். கணினிக்கு எதிரே அது உண்மையிலேயே வீண்தான், அதனால்தான் அந்தப் பழக்கம் உங்களுக்கு வரவில்லை.

மனிதரோடு ஆடும்போது அவர் நகர்த்தாத காயையும் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பர் ஒருவர், தேய்ந்துபோன ஒரே ஒரு காலாட்படையை ஆற்றுத் துறையொன்றின் அருகே எட்டு முறை அசையாமல் வைத்திருந்தார். தமது முறை வந்தால் பால் விடாத தேநீரை ஒரு மிடறு குடிப்பார், வேறெதையோ நகர்த்துவார், கணினியை என் பக்கம் தள்ளுவார். நான் அந்தப் படையை மறந்தே போனேன். ஒன்பதாம் முறையில் அது இரண்டே கட்டம் நகர்ந்து துறையில் ஏறி நின்றது. என் மூவாயிரம் பேரும் மறுகரையில் பட்டினி கிடந்தார்கள். அவர் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார்.

கேள்வி: நானும் நண்பரும் சேமித்த கோப்பை வாட்ஸப்பில் மாறி மாறி அனுப்பி ஆடுகிறோம். மோதலில் தோற்றால் அவர் கோப்பை மீண்டும் திறந்து, வெல்லும் வரை ஆடுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. (வாசகர், பண்டாரவளை)

பதில்: சில விளையாட்டுகள் மோதல் முடிவைத் தீர்மானிக்கும் எண்ணைக் கோப்போடு சேர்த்தே சேமிக்கின்றன, அவற்றில் எத்தனை தடவை திறந்தாலும் அதே நகர்வுக்கு அதே முடிவுதான் வரும். உங்களுடையது எப்படியென்று ஒரு பழைய கோப்பை இருமுறை திறந்து சோதித்துக்கொள்ளுங்கள். மற்றபடி, நண்பரை நம்பமுடியவில்லை என்றால் ஞாயிறு மாலையில் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் ஆடும்போது மற்றவர் வாசலில் நிற்பது நல்லது. 1824இல் பிரஷ்யப் படையில் அறிமுகமான போர்விளையாட்டில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்து, எதிரியைப் பற்றி எவருக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்பதைத் தீர்மானித்தார். வீட்டில் பொழுது போகாத தம்பி யாராவது இருந்தால் அந்தப் பதவியை அவருக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான் காலனித்துவப் படையை நடத்தி வெல்வது மனதுக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆடலாமா? (வாசகி, தலவாக்கலை)

பதில்: ஆடலாம் அம்மா. ஆனால் ஒரே வரைபடத்தை இருமுறை, பக்கம் மாற்றி ஆடி, இரண்டு புள்ளிகளையும் கூட்டுங்கள். யார் கெட்டிக்காரர் என்பதும் அப்போதுதான் தெரியும். எனக்கு உறுத்துவது வேறொன்று. இவ்விளையாட்டுகளில் உணவும் வெடிமருந்தும் திரையின் மூலையில் ஓர் எண்ணாக மட்டும் நிற்கின்றன. உண்மையில் அவை மாடுகளின் முதுகிலும் கூலிகளின் தலையிலும் மலையேறின. அந்த எண் குறையும்போது, தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோர் என் நினைவுக்கு வருவார்கள். அன்றைக்கு என் நகர்வுகள் கொஞ்சம் நிதானமாகவே இருக்கும்.